துட்டு இல்லேன்னா பாட்டு இல்லை!

பி.காம்.மில் கான்ட்ராக்ட் சட்டத்தை உருப்போட்டு எழுதியதோடு சரி. அதற்கு அசல் உதாரணமாக எனக்குக் கிடைத்தவர் பேட்ஸி க்ளைன். அமெரிக்கக் 'கன்ட்ரி' பாடகி. (கன்ட்ரி என்றால், கிட்டாரும் ஃபிடிலுமாக அந்த ஊர் கிராமத்து ஆசாமிகள் சோகத்தைப் பிழிகிற சங்கீதம்.)

1932-ல் வர்ஜீனியாவில் பிறந்தவர். அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட, படிப்புக்கு முழுக்கு. மருந்துக்கடை சோடா கவுன்ட்டரில் வேலை. மேடை உடுப்பெல்லாம் அம்மா தைத்தது.

1954-ல் ஃபோர் ஸ்டார் என்ற ரெக்கார்டு கம்பெனியுடன் ஒப்பந்தம். அதில்தான் வினை. கம்பெனி உரிமை வைத்திருக்கும் பாட்டை மட்டுமே பாட வேண்டுமாம்! எத்தனை நல்ல பாட்டு வெளியே கிடந்தாலும் தொடக்கூடாது. அரை டஜன் வருஷம், ஐம்பது சொச்சம் பாட்டு... பெரிய ஹிட் ஒன்றே ஒன்று. 1957-ல் 'வாக்கின் ஆஃப்டர் மிட்நைட்'. அம்மணிக்கு முதலில் அந்தப் பாட்டே பிடிக்கவில்லை என்பது தனிக்கதை. ராயல்டி? சொற்பம்.

பட்ட பிறகு பேட்ஸி உஷார். கலெக்‌ஷனோடு கம்பி நீட்டும் கச்சேரிக்காரர்களிடம், 'துட்டு இல்லேன்னா பாட்டு இல்லை' என்று கறாராக முதலிலேயே கை நீட்டிவிடுவார். எனக்கு ரொம்பப் பிடித்த பேட்ஸி இவர்தான்.

1960-ல் ஒப்பந்தம் முடிந்தது. டெக்கா கம்பெனிக்கு வந்தார். 1961-ல் 'ஐ ஃபால் டு பீஸஸ்' முதலிடம்! பாட்டு ஏறிக்கொண்டிருக்கும்போதே ஜூன் 14-ம் தேதி கார் விபத்து. நெற்றி கிழிந்து, விலா எலும்பு நொறுங்கி, ஒரு மாசம் ஆஸ்பத்திரி. ஆகஸ்டில் ஊன்றுகோலோடு ஸ்டூடியோவுக்கு வந்தார். பாட்டு, அப்போது அவ்வளவாகப் பிரபலமாகாத வில்லி நெல்சன் எழுதிய 'க்ரேஸி'. விலா வலியில் மேல் ஸ்வரம் எட்டவில்லை. சில வாரம் கழித்து வந்து ஒரே டேக்கில் பாடி முடித்தார்.

1963 மார்ச் 3. கான்சாஸ் நகரில், விபத்தில் இறந்துபோன ஒரு ரேடியோ அறிவிப்பாளரின் குடும்பத்துக்காக நிதிக் கச்சேரி. துட்டு கேட்காமல் போய்ப் பாடினார். மறுநாள் பனிமூட்டம், விமானம் கிளம்பவில்லை. சக பாடகி டாட்டி வெஸ்ட், "காரில் வாயேன்" என்று கூப்பிட்டுப் பார்த்தார். மறுத்துவிட்டார். 5-ம் தேதி மேனேஜர் ஓட்டிய குட்டி விமானம் டென்னஸி காட்டில் விழுந்தது. அதிலிருந்த நாலு பேரும் காலி. பேட்ஸிக்கு வயசு 30.

1967-ல் டெக்கா வெளியிட்ட 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடியை எட்டியது. அதிலும் 'வாக்கின் ஆஃப்டர் மிட்நைட்' இருக்கிறது. ஆனால் ஃபோர் ஸ்டாருக்குப் பாடியது அல்ல. 1961-ல் டெக்காவுக்காக மறுபடி பாடியது.