கியர் எண்ணெய் தேர்தல்

மோட்டார் வண்டியின் என்ஜினுக்கு எண்ணெய் வார்ப்பதில் கவலை கொள்ளாதார் இலர். ஆனால் கியர்ப் பெட்டிக்கும், பின்னச்சின் நடுவே பருத்துத் தோன்றும் டிபரன்ஷியலுக்கும் தனித்தனி எண்ணெய் உண்டென நினைப்போர் சிலரே. அவருள்ளும், எண் உயர்ந்த எண்ணெயே சிறந்ததெனக் கொள்வார் பலர். எம் சிறிய தந்தையாரும் அத்தகையவரே. சென்ற கோடை விடுமுறையில் அவர் தம் பழைய வண்டியின் கியர்ப் பெட்டிக்கும் டிபரன்ஷியலுக்கும் ஜி.எல்-5 என்னும் எண்ணெயையே ஒரு டப்பாவிலிருந்து வார்த்தார். டிபரன்ஷியல் அமைதியாய் ஓடிற்று; கியர்ப் பெட்டியோ, இரண்டாம் கியரினின்று மூன்றாம் கியருக்கு மாற்றுந்தோறும் கறகறவென்று அரற்றிற்று. ஒன்றற்கு மருந்தானது மற்றொன்றற்கு நோயானது எங்ஙனம்? அதனை ஆராய்வதே யாம் ஈண்டு மேற்கொண்ட பணி.

முதற்கண் டிபரன்ஷியலை நோக்குவோம். 2014 வரை உற்பத்தியான அம்பாஸடர் போலப் பின்சக்கரங்களால் உந்தப்படும் வண்டிகளில், கியர்ப் பெட்டியினின்று நீண்டு வரும் தண்டின் முனையில் பினியன் என்னும் சிறு பற்சக்கரம் உண்டு. அது கிரௌன் என்னும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றும். முற்காலத்தில் இவ்விரண்டின் அச்சுக்களும் ஒரே மட்டத்தில் அமைந்தன. 1926-இல் அமெரிக்காவின் பாக்கார்டு நிறுவனத்தார் ஹைபாய்ட் என்னும் அமைப்பைத் தம் கார்களில் புகுத்தினர். இதில் பினியனின் அச்சு, கிரௌன் சக்கரத்தின் நடுமட்டத்திற்குக் கீழே நிற்கும். அதனால் தண்டு தாழ்ந்தது. வண்டியின் தளமும் தாழ இடமுண்டாயிற்று. ஆயின் நன்மையோடு ஓர் இடரும் வந்தது. பற்கள் ஒன்றன்மேலொன்று உருள்வதோடு நில்லாது, பேரழுத்தத்துடன் வழுக்கி உராயலாயின. அவ்வழுத்தத்தில் வெறும் எண்ணெய்ப் படலம் கிழிந்துபோம். எஃகு எஃகைத் தின்னும். இதனைத் தடுக்கவே கந்தகமும் பாஸ்பரசும் அடங்கிய கூட்டுப்பொருள்களை எண்ணெயில் சேர்க்கின்றனர். வெப்பம் மிகுந்த இடத்தில் இவை உலோகத்தோடு கூடி மெல்லிய காப்பொன்றை உண்டாக்கும். தேய்வை அக்காப்பு ஏற்க, பல் பிழைக்கும்.

இனிக் கியர்ப் பெட்டியைக் காண்போம். வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரு சக்கரங்களை இணைக்குமுன் அவற்றின் வேகத்தைச் சமமாக்குதல் வேண்டும். இதனைச் செய்வது சிங்க்ரோனைசர் வளையம், பெரும்பாலும் பித்தளையாலானது. அது கூம்பு வடிவான பகுதியைக் கவ்வி உராய்ந்தே வேகத்தைச் சமமாக்கும். ஆகவே ஒரே பெட்டியினுள் பற்களுக்கு வழுக்கல் வேண்டும். வளையத்திற்கோ பிடிப்பு வேண்டும்! வழுக்கல் மிகுந்த எண்ணெயில் வளையம் கவ்வாது; கவ்வாதாயின் பற்கள் மோதி ஓசையிடும். அன்றியும், வீரியமிக்க கந்தகச் சேர்க்கை நாளடைவில் பித்தளையை அரித்தலும் உண்டு.

அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தார் வகுத்த ஜி.எல்-4, ஜி.எல்-5 என்னும் குறிகளின் பொருள் இப்பொழுது விளங்கும். ஜி.எல்-5-இல் இக்கூட்டுப்பொருள் ஜி.எல்-4-இல் உள்ளதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு இருப்பது வழக்கம். அது ஹைபாய்ட் பற்களுக்கென அமைந்தது. முன்னதினும் உயர்ந்த வகுப்பன்று, வேறு பணிக்குரியது. ஹைபாய்ட் டிபரன்ஷியலில் ஜி.எல்-4 வார்ப்பது இதனினும் பெரும் பிழை, பற்களே அழியும்.

நிற்க, 80டபிள்யூ-90 போன்ற எண்கள் தரத்தைக் குறிப்பன அல்ல. எண்ணெயின் கெட்டித்தன்மையையே குறிப்பன. டபிள்யூ என்பது குளிர்காலத்தைச் சுட்டும். முன்னெண் குளிரில் எண்ணெய் எவ்வளவு இளகியிருக்கும் என்பதையும், பின்னெண் 100 பாகை வெப்பத்தில் அதன் கெட்டியையும் காட்டும். என்ஜின் எண்ணெயின் அளவுகோல் வேறு. கியர் எண்ணெயின் 90, என்ஜின் எண்ணெயின் 40 அல்லது 50-க்கு ஏறத்தாழ நிகராகும். இதனாலன்றோ 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் உருவான எம்.ஜி.பி. காரின் கியர்ப் பெட்டியில் என்ஜின் எண்ணெயே வார்க்கப்பட்டது! அதன் பின்னச்சுக்கோ ஹைபாய்ட் எண்ணெய் வேண்டியிருந்தது.

முன்சக்கரங்களால் உந்தப்படும் சிறு கார்கள் பலவற்றில் கியர்ப் பெட்டியும் டிபரன்ஷியலும் ஒரே கூட்டினுள் அடங்கும். என்ஜின் குறுக்காக அமைந்தவற்றில் சுழற்சியைச் செங்கோணமாகத் திருப்ப வேண்டாமையின், ஹைபாய்டுக்கு வேலையில்லை. ஓர் எண்ணெயே இரண்டிற்கும் போதும். ஆதலின் பொதுவிதி ஒன்றைப் பற்றிக்கொண்டு எல்லா வண்டிக்கும் வார்த்தல் தகாது. வண்டியோடு வரும் கைந்நூலில் கண்ட குறியையும் எண்ணையும் டப்பாவின்மீது கண்டபின்னரே வாங்குதல் வேண்டும்.

எம் சிறிய தந்தையார் கைந்நூலைத் தேடியெடுத்தார். கியர்ப் பெட்டியின் எண்ணெயை வடித்து, அதிற்கண்டவாறே ஜி.எல்-4 வார்த்தார். நல்லவேளையாக வளையங்கள் கெடவில்லை, ஓசை அடங்கிற்று. எஞ்சிய ஜி.எல்-5 டப்பாவை அவர் எறிந்துவிடவில்லை. "டிபரன்ஷியலுக்கு மட்டும்" என்று அதன்மேல் எழுதி வைத்திருக்கின்றார். குற்றம் எண்ணெயினதன்று, இடமறியாது வார்த்த கையினதே.