கிழடாகாத கித்தா மரம்

பேராக்கில் கோலகங்சாரில் ஒரு ரப்பர் மரத்துக்கு வேலி கட்டிக் காவல் காக்கிறார்கள். 1877இல் அங்கே நட்டவற்றில் மிஞ்சியது அது ஒன்றுதான். விட்டுவைத்தால் கித்தா மரம் நூறு வயதைத் தாண்டும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் கெடாவில் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்குக் கிழட்டுக் கித்தா மரம் என்றால் என்னவென்றே தெரியாது. ஐந்தாறு வயதில் அதன்மேல் கத்தி வைப்பார்கள். இருபத்தைந்து முப்பதில் பால் குறையும், கணக்குக் கட்டாது, சாய்த்துவிட்டு மறுநடவு.

அம்மா பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டியவர். விடியுமுன் பெரட்டு, தண்டல் பெயர் கூப்பிட்டதும் நெற்றி விளக்கோடு நிரைக்குப் போய்விடுவார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் அடங்கிவிடும், அதற்குத்தான் அந்த இருட்டு அவசரம். மங்கில் சேர்ந்ததை வாளியில் ஊற்றி, காண்டாக் கட்டையில் சுமந்து ஸ்டோருக்கு வருவார். கைலியில் ஏறிய ஒட்டுப்பால் நாற்றம் எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது. ஆண்டுத் தொடக்கத்து வறட்சியில் இலை மொத்தமாகக் கொட்டும். பால் குறையும், கூடவே சம்பளமும். சருகில் உருண்ட எங்களுக்கு அது கொண்டாட்டக் காலம்! எந்த மரம் வஞ்சகமில்லாமல் கொடுக்கும், எதில் பட்டை செத்துவிட்டது என்று தன் நிரையை ஒவ்வொரு மரமாக அம்மா அறிவார்.

அம்மாவின் கருமாதி முடிந்த கையோடு அந்த நிரையைத் தேடிப் போனேன். வெளிக்காடு முழுக்க இப்போது செம்பனை. குலை வெட்டுகிறவர்கள் வங்காளதேசத்துக்காரர்கள். அடையாளம் காட்ட ஓர் அடிக்கட்டைகூட இல்லை. முன்பெல்லாம் சாய்த்த மரத்தை எரித்துவிடுவார்கள். 1980களுக்குப் பிறகு அது நாற்காலி மேசையாகி வெளிநாடு போகத் தொடங்கியது. சுங்கைப்பட்டாணி தாமான் வீட்டில் எங்கள் சாப்பாட்டு மேசையும் ரப்பர்க் கட்டைதான். அதைத் தடவிப் பார்த்து ஆறுதல் தேடினேன். பலகை பலகையாகத்தான் இருந்தது.

கிழட்டு மரங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன, கம்பெனிக் கணக்கில் ஏறாத இடங்களில். லயத்துக் கோடியில் மா, பலா; முனியாண்டிக்குப் பின்னால் அரசு; மாரியம்மன் வாசலில் வேம்பு. கித்தா பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டம் வழியாக வந்தது, செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்து, நாங்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறி. மலைக்காட்டை வெட்டி உண்டான ஊரில் எல்லோரும் இறக்குமதிதான்.

இறக்குமதி என்றாலும் பழம்பெருமையை விடமாட்டோம். பூஜாங் பள்ளத்தாக்கு எங்களுக்குக் கூப்பிடு தூரம். புக்கிட் பத்து பகாட் கோயிலின் அடித்தளத்தில் நின்றுகொண்டு, 1025இல் ராஜேந்திர சோழன் கொண்ட கடாரம் இது என்று பிள்ளைகளிடம் மார்தட்டுவோம். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய அரசனைத் தெரிகிற எனக்கு என் தாத்தாவின் அப்பா பெயர் தெரியாது. கங்காணி கூட்டிவந்தவர்களுக்கு வம்சாவளி எழுத யார் இருந்தார்கள்? 1942க்குப் பிறகு ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனவர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. பல வீட்டுக் கதை அங்கேயே அறுந்துவிட்டது. ரஜுலா கப்பலில் ஊருக்குப் போய்வர வசதி இருந்தவர்கள் கொஞ்சம் பேர். எங்கள் வீட்டில் மிஞ்சியது 'சேலம் பக்கம்' என்ற இரண்டு சொல்.

ஆகவே நான் போய்ச் சேர்ந்தது தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில். லயம் இடிந்து ஆண்டுகளாகிவிட்டன. ஆனாலும் அன்றைக்கு மட்டும் கூலிம், லூனாஸ், பட்டர்வொர்த் என்று எல்லாத் தாமானிலிருந்தும் கார்கள் வந்துவிடும். வேம்படியில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி என் கையைப் பிடித்தார்.

"நாலாவது லயத்து வெத்தலைக்காரம்மா பேரனா நீ?"

"ஆமாம் பாட்டி."

"அந்தா நிக்குதே மாமரம், உங்கம்மா பொறந்தப்ப உங்க தாத்தா வச்சதுய்யா. காய் ஒரே புளிப்பு. ஆடுகூடத் திங்காது."

அம்மா இதை ஒருநாளும் சொன்னதில்லை. அவர் போனபிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். மரத்தைக் கட்டிப்பிடிக்கவெல்லாம் இல்லை, எறும்பு மொய்த்தது. அம்மா வயது இப்படித்தான் இருக்குமா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டி நிறுத்த இடம் போதவில்லை, அந்த மாமரத்தை எடுத்துவிடலாம் என்று கோயில் கமிட்டியில் பேச்சு அடிபடுகிறது. அடுத்த கூட்டத்துக்கு நானும் போகிறேன், வேண்டாம் என்று கைதூக்க. காயைப் பற்றி யாரும் கேட்காமல் இருக்க வேண்டும்.