கணவனுக்கு ஓர் அளவை, மனைவிக்கு ஓர் அளவை

இளந்தம்பதிகளிடையே பற்றுறுதி குறைந்துவருகிறது என்று ஆயர்கள் வருந்துவதை நாம் அடிக்கடி கேட்கிறோம். வருத்தம் நியாயமானதே. ஆயினும் யாருடைய பற்றுறுதியை எவ்வளவைகொண்டு அளக்கிறோம் என்பதை முதலில் நோக்க வேண்டும்.

கிறிஸ்தவர்களின் மணமுறிவை ஆண்டுவருவது 1869ஆம் ஆண்டுச் சட்டம். மனைவியின் விபசாரம் ஒன்றையே நிறுவிக் கணவன் மணமுறிவு பெற அது இடமளித்தது. மனைவியோ, கணவனின் விபசாரத்தோடு அவனது கொடுமையையோ, ஈராண்டுக் காலம் கைவிட்டதையோ பொதுவாகச் சேர்த்து நிறுவ வேண்டியிருந்தது. 2001ஆம் ஆண்டுத் திருத்தமே இருவரையும் சமமாக்கிற்று. அதாவது 132 ஆண்டுகள்! அத்தனை காலமும் நமது பிரசங்க பீடங்கள் இதைப்பற்றிப் பெரிதும் பேசியதாக நமக்கு நினைவில்லை.

தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவோ, பிறன் மனைவியை அவள் கணவனின் இசைவின்றிக் கூடியவனைத் தண்டித்தது. கணவன் இசைந்தால் குற்றமில்லை. மணமானவன் மணமாகாப் பெண்ணொருத்தியை நாடினால், அவன் மனைவிக்கு அப்பிரிவின்கீழ் முறையிட வழியுமில்லை. அது காத்தது உடன்படிக்கையையன்று, உடைமையை. உச்சநீதிமன்றம் 27-9-2018 அன்று அதனை நீக்கியது. விபசாரத்துக்கே உரிமச்சீட்டு கிடைத்துவிட்டதாகச் சிலர் எண்ணினர்; அது பிழை. நீங்கியது சிறைத்தண்டனையே, மணமுறிவுக்குரிய காரணமாக விபசாரம் இன்றும் நிற்கிறது.

செஞ்சியை அடுத்த வல்லம் பகுதியில் ஊழியம் செய்வோருக்குத் தேசிங்குராஜன் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. 1714இல் அவன் போரில் மடிய, மனைவி உடன்கட்டை ஏறினாள் என்றும், இராணிப்பேட்டை அவள் நினைவாகவே பெயர் பெற்றது என்றும் மரபு கூறும். கணவனின் கற்பைப் பாடும் கதை எதையும் அவ்வூர்ப் பக்கம் நாம் கேட்டதில்லை.

பவுலடியாரோ (1 கொரி. 7:4) கணவனின் உடல்மீதும் மனைவிக்கு அதிகாரம் உண்டென்கிறார். யோவான் 8இல் கையும் மெய்யுமாய்ப் பிடிபட்டவளைக் கொணர்ந்தவர்கள், உடனிருந்த ஆணைக் கொணரவில்லை. இதைப் பலமுறை பிரசங்கித்தவர்களே நாம்.

மணமின்றிச் சேர்ந்து வாழ்வோரிடமும் இதே நிலைதான். திருமணத்தையொத்த உறவில் வாழும் பெண்ணுக்கு, குடும்ப வன்முறையினின்று 2005ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பளித்தது. சபை என்ன அளித்தது? நாம் பணியாற்றிய சிற்றூர்ச் சபையொன்றில், நகரத்தில் ஒருவனோடு வாழ்ந்து கைவிடப்பட்ட பெண் வீடு திரும்பினாள். அவளைத் திருவிருந்தில் சேர்க்குமுன் பல வாரங்கள் வினவினோம். மறு ஆண்டு அவ்விளைஞன் வேறொருத்தியோடு தன் திருமண அறிவிப்பை வாசிக்கக் கேட்டு வந்தான். திருமுழுக்குச் சான்றிதழை மட்டுமே கேட்டோம்.