தோட்டா நிரப்பும் கருவி வேண்டாம்

கைத்துப்பாக்கி சுடுதலில் மகளைச் சேர்க்க விரும்பும் அதியமான்கோட்டை உறவினர் ஒருவர், தோட்டாவை வீட்டிலேயே நிரப்பும் கருவியும் வாங்க வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அமெரிக்காவில் அது பரவலான வழக்கம். சுட்ட பின் எஞ்சும் பித்தளை உறையை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதிய பிரைமர், மருந்து, குண்டு ஆகியவற்றைப் பொருத்துவார்கள். மறதியாக இருமடங்கு மருந்து இட்டால் துப்பாக்கியே வெடிக்கக்கூடும். நம் நாட்டிலோ, 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதே குற்றம்.

ஒலிம்பிக்கின் 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிக்கு மருந்தே தேவையில்லை. அழுத்தப்பட்ட காற்று 4.5 மி.மீ. ஈயக்குண்டைத் தள்ளுகிறது. பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. மட்டுமே. விசையை இழுக்கும் எடை 500 கிராமுக்குக் குறையக்கூடாது. அந்த இழுப்பில் முனை அசையாதிருக்க, குண்டின்றி வெற்றுச் சுவரை நோக்கிப் பழகுவதே முதலாண்டின் பாதி வேலை என்பேன். விலையுயர்ந்ததை வாங்கிப் பெட்டியில் பூட்டுவதில் பயனில்லை. தொண்டைமானின் ஆயுதங்கள் நெய் பூசி மின்ன, அதியமானுடையவை கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று ஔவை பெருமைப்பட்டது இவ்வூர் மன்னனைப் பற்றித்தானே!

ஆனால் பழுதை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். 2021-இல் டோக்கியோவில் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் துப்பாக்கி பழுதானது. இறுதிச் சுற்று கைநழுவியது. 2024-இல் பாரிஸில் அவர் இரு வெண்கலம் வென்றார்.

பயன்படுத்திய துப்பாக்கி வாங்குவோர் காற்று உருளையின் தேதியையும் பார்க்க வேண்டும். பத்தாண்டு கடந்த உருளை சர்வதேசப் போட்டியில் செல்லாது. உறவினர் இப்போது அந்தத் தேதியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்.