கைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று: நிண்டெண்டோ பழைய வழிக்குத் திரும்ப வேண்டுமா?

டெலிவிஷன் பெட்டிக்குப் பக்கத்தில் உள்ள தாங்கியில் செருகி வைத்தால் அது வீட்டு விளையாட்டுக் கருவி. உருவி எடுத்துக்கொண்டு ரயிலேறினால் அதுவே கைக்கருவி. விட்ட இடத்திலிருந்து ஆட்டம் தொடரும். ஜப்பானின் கியோட்டோ நகரிலுள்ள நிண்டெண்டோ கம்பெனி 2017 மார்ச் 3ஆம் தேதி விற்பனைக்குக் கொண்டுவந்த 'ஸ்விட்ச்' கருவியின் விசேஷம் இதுதான். உலகெங்கும் 15 கோடிக்கும் அதிகமாக அது விற்றிருக்கிறது. 2025 ஜூன் 5ஆம் தேதி வந்த 'ஸ்விட்ச் 2'வும் அதே அமைப்புத்தான். முதல் நான்கே நாட்களில் 35 லட்சம் கருவிகள் விற்றுப்போயின.

இவ்வளவு ஓடிய பிறகும் ஒரு கேள்வி எழத்தான் செய்கிறது. இந்த இரட்டை வேடத்தையே நிண்டெண்டோ நெடுங்காலம் கட்டிக்கொண்டிருக்கலாமா, அல்லது முன்போல வீட்டுக்கு ஒன்று, கைக்கு ஒன்று என்று பிரித்துவிடுவது நல்லதா? பிள்ளைகள் விளையாட்டுச் சமாசாரம்தானே என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. இந்த விஷயத்தில் கணக்குத் தப்பியதால் தொடர்ந்து மூன்று வருஷம் இயக்க நஷ்டத்தில் ஓடிய கம்பெனி அது.

ரயிலில் பிறந்த யோசனை

1889ஆம் ஆண்டு புசாஜிரோ யமவுச்சி என்பவர் பூப்படம் போட்ட சீட்டுக்கட்டுகள் செய்து விற்பதற்காகத் தொடங்கிய ஸ்தாபனம் இது. மின்சார விளையாட்டுக்கு வந்ததெல்லாம் பிற்பாடு. அங்கே வேலை பார்த்த குன்பெய் யோகோய் என்ற நிபுணர் ஒரு நாள் ரயிலில் போகும்போது, ஓர் ஆபீஸ் உத்தியோகஸ்தர் பொழுது போகாமல் கால்குலேட்டரின் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம். அதிலிருந்து உதித்த யோசனையே 1980ல் வந்த 'கேம் அண்ட் வாட்ச்' என்ற கையடக்க விளையாட்டு. மும்பை லோக்கல் ரயிலில் தினசரி போய்வருகிற குமாஸ்தாக்களுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

யோகோயின் கொள்கை எளிமையானது. புத்தம் புதிய, விலையுயர்ந்த தொழில்நுட்பத்தைத் தேடிப் போகாதே. பழகிப்போய் விலை மலிந்த சரக்கை எடுத்துப் புதிய விதத்தில் பயன்படுத்து என்பார் அவர். 1989ல் வந்த 'கேம் பாய்' அந்தக் கொள்கையின் குழந்தை. வண்ணம் கிடையாது, நான்கு சின்ன பாட்டரிகள் போதும். போட்டிக் கம்பெனிகள் வண்ணத் திரையோடு வந்தும் அதை அசைக்க முடியவில்லை. பின்னால் வந்த 'கேம் பாய் கலர்' வகையையும் சேர்த்து 11 கோடியே 87 லட்சம் விற்றது.

இப்படியாக நிண்டெண்டோவுக்கு இரண்டு குடும்பங்கள் அமைந்தன. வீட்டுக் குடும்பத்தின் வரவு ஒரே சீராக இருந்ததில்லை. 1996ல் வந்த 'நிண்டெண்டோ 64' 3 கோடியே 29 லட்சமும், 2001ல் வந்த 'கேம்கியூப்' 2 கோடியே 17 லட்சமும்தான் விற்றன. 2006ல் வந்த 'வீ' மட்டும் 10 கோடியைத் தாண்டியது. மெலிந்த காலங்களில் குடும்பத்தைத் தாங்கி நின்றது கைக்கருவிதான்.

இரண்டு அடுப்பும் புகைந்தன

2011ல் சங்கடம் ஆரம்பித்தது. அந்த வருஷம் வந்த '3டிஎஸ்' கைக்கருவி எதிர்பார்த்தபடி போகவில்லை. ஆறு மாதம் நிறைவதற்குள் அமெரிக்காவில் அதன் விலையை 250 டாலரிலிருந்து 170 டாலராக இறக்கினார்கள். தலைவர் சதோரு இவாட்டா தமது சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு வந்த 'வீ யூ' வீட்டுக் கருவியோ, கடைசி வரை 1 கோடியே 36 லட்சத்தைத் தாண்டவில்லை. அதன் கைப்பிடியிலும் ஒரு திரை இருந்தது. ஆனால் பெரிய பெட்டியை விட்டுத் தள்ளிப் போனால் அது வேலை செய்யாது. வாசற்படி தாண்டாத கைக்கருவி!

உண்மையான நோய் வேறு இடத்தில் இருந்தது. படத்தின் தெளிவு கூடக் கூட, ஒரு விளையாட்டைத் தயாரிக்க அதிகம் பேரும் அதிக காலமும் தேவைப்பட்டன. இரண்டு கருவிகளுக்கும் தனித்தனியாகச் சமைக்க நிண்டெண்டோவிடம் ஆள் போதவில்லை. 2014ல் 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்' என்ற ஆட்டத்தை 3டிஎஸ்ஸுக்கு ஒன்று, வீ யூவுக்கு ஒன்று என்று இரண்டாகச் செய்தார்கள். இரண்டு கருவிகளுக்கும் புது ஆட்டங்கள் வருவது தாமதமாயிற்று.

இவாட்டா 2013லேயே இரண்டு தயாரிப்புப் பிரிவுகளையும் ஒன்றாக்கிவிட்டார். ஸ்விட்சின் விதை அங்கேதான் விழுந்தது. அது கடைக்கு வருவதைப் பார்க்க அவர் இல்லை. 2015 ஜூலையில் காலமாகிவிட்டார்.

பலன் என்ன என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் போதும். 'மாரியோ கார்ட் 8' என்ற பந்தய ஆட்டம் 2014ல் வீ யூவுக்காக வந்தது. விற்றது 84 லட்சத்துச் சொச்சம். அதையே கொஞ்சம் மெருகேற்றி 2017ல் ஸ்விட்சுக்குக் கொடுத்தார்கள். 6 கோடியே 50 லட்சத்துக்கு மேல் போயிற்று. சமையல் ஒன்றேதான், பந்திதான் மாறியது.

பிரிந்தால் லாபமா?

பிரிக்க வேண்டும் என்பவர்களின் வாதத்திலும் சரக்கு இருக்கிறது. சுவரில் செருகி ஓடும் சோனியின் 'பிளேஸ்டேஷன் 5' ஆட்டத்தின்போது சுமார் 200 வாட் மின்சாரம் இழுக்கும். கையில் பிடிக்கும் கருவி பத்து வாட் அளவிலேயே காலம் தள்ள வேண்டும். அதற்கு மேல் போனால் பாட்டரி தாங்காது, கையும் சுடும். ஸ்விட்ச் 2ஐத் தாங்கியில் வைத்தால் வேகம் கூடுகிறது. சூடு தணியத் தாங்கியிலேயே ஒரு காற்றாடியும் வைத்திருக்கிறார்கள். என்றாலும் உள்ளே இருக்கும் யந்திரம் பையில் அடங்கும் யந்திரமே. வெளிக் கம்பெனிகளின் பிரம்மாண்டமான ஆட்டங்கள் பல பழைய ஸ்விட்சுக்கு வராமலே போயின. வந்தவற்றில் சில இழைத்து மெலிந்து வந்தன.

ஆனால் பலம் ஒன்றே விற்பனையாகிவிடுமா? கேம்கியூப் பலத்தில் சோனியின் 'பிளேஸ்டேஷன் 2'வுக்குச் சளைத்ததல்ல. அது 2 கோடி. சோனியுடையது 15 கோடிக்கு மேல். சோனிக்கு எதிரே இன்னொரு சோனியாக நிற்பதில் நிண்டெண்டோவுக்கு ஒருபோதும் ராசி இருந்ததில்லை. மறுபக்கம், கைக்கருவியில் 'வீட்டா'வைக் கொண்டுவந்து பார்த்த சோனி 2019ல் அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டது. வீட்டுக்கும் கைக்கும் தனித்தனியாக ஆட்டம் தயாரித்து இரண்டையும் வாழவைப்பது அந்தப் பெரிய கம்பெனிக்கே ஆகாத காரியமாக இருந்தது. ஆகவே பிரிப்பது வீண் வேலை. மீண்டும் இரண்டு அடுப்பு மூட்டினால் மீண்டும் இரண்டும் புகையும்.

ஆபத்து வேறு திக்கிலிருந்து வருகிறது. கருவி ஊதிக்கொண்டே போகிறது. முதல் ஸ்விட்சின் திரை 6.2 அங்குலம், ஸ்விட்ச் 2ன் திரை 7.9 அங்குலம். கைப்பிடிகளோடு சேர்த்து முன்னது 400 கிராமுக்குச் சற்றுக் குறைவு. பின்னது 534 கிராம். 2019ல் திருத்தி வெளியிட்ட ஸ்விட்சின் பாட்டரி 4½ மணி முதல் 9 மணி நேரம் வரை தாங்கும் என்று கம்பெனியே சொன்னது. ஸ்விட்ச் 2க்கு அது சொல்லும் கணக்கு 2 மணி முதல் 6½ மணி. அமெரிக்காவில் அறிமுக விலை 300 டாலரிலிருந்து 450 டாலருக்கு ஏறிவிட்டது. திரைக்கும் வேகத்துக்கும் கொடுத்த விலைதான் இது. யோகோய் இருந்திருந்தால் முகம் சுளித்திருப்பார்.

இந்தப் பாதையில் இன்னும் இரண்டு படி ஏறினால், வீட்டை விட்டு வெளியே எடுத்துப் போக யாருக்கும் மனம் வராத ஒரு கைக்கருவிதான் மிஞ்சும். அந்த வேலைக்கு வேறு ஆட்களும் வந்துவிட்டார்கள். வால்வ் கம்பெனியின் 'ஸ்டீம் டெக்' 2022ல் வந்தது. ஏசுஸ் கம்பெனியின் கருவி 2023ல் வந்தது. இரண்டும் கம்ப்யூட்டர் ஆட்டங்களைக் கையில் ஆடுவதற்கு, டெலிவிஷனோடும் இணைக்கலாம். கனத்திலும் வேகத்திலும் இவற்றோடு மல்லுக்கு நிற்பது நிண்டெண்டோவின் தொழில் அல்ல.

கழற்றி மாட்டும் வித்தையை நிண்டெண்டோ என்றைக்காவது விட்டுவிட்டாலும் பாதகமில்லை. விடக்கூடாதது ஒரே சமையல், ஒரே ஆட்டம் என்ற ஏற்பாட்டை. அதற்கு அத்தாட்சி நிண்டெண்டோவின் கடையிலேயே உண்டு. 2019ல் வந்த 'ஸ்விட்ச் லைட்' டெலிவிஷனோடு இணையாது. 5½ அங்குலத் திரை, 275 கிராம். இரட்டை வேடமே போடாத அந்தக் கருவியும் பெரும்பாலும் அதே ஆட்டங்களைத்தான் ஆடுகிறது. ஜப்பானில் அதன் விலை 19,980 யென்னாக இருந்தது. 2025ல் ஜப்பானிய மொழி மட்டும் உள்ளதாக, உள்நாட்டாருக்கென்று சலுகை விலையில் கொண்டுவந்த ஸ்விட்ச் 2ன் விலை 49,980 யென். பள்ளிக்கூடப் பையன் அப்பாவிடம் கேட்டு வாங்கக்கூடிய தொகை இவற்றில் எது என்பது கியோட்டோவுக்குத் தெரியாமலிருக்காது.