டிஃபரென்ஷியல் புஷ்

டிஃபரென்ஷியல் புஷ் என்பது, தனித்தியங்கும் பின்புறத் தொங்கல் அமைப்பைக் கொண்ட தானுந்துகளில், டிஃபரென்ஷியல் எனப்படும் வேறுபாட்டுப் பல்லிணைப் பெட்டியை அதனைத் தாங்கும் துணைச்சட்டகத்துடன் இணைக்கும் மீள்தன்மையுள்ள உறை ஆகும். பெரும்பாலும் இது உள்ளே ஓர் உலோகக் குழலும், வெளியே ஓர் உலோக வளையமும், இரண்டுக்கும் இடையே ஒட்டவைக்கப்பட்ட ரப்பரும் கொண்டிருக்கும். பெட்டி மிகையாக அசையாதவாறு பிடித்துக்கொள்வதும், பற்சக்கரங்களின் அதிர்வு தானுந்தின் உடற்பகுதிக்குச் செல்லாதவாறு தடுப்பதும் இதன் இரு பணிகள் ஆகும். முதற்பணிக்குக் கடினமான புஷ்ஷும், இரண்டாம் பணிக்கு மென்மையான புஷ்ஷும் ஏற்றவை. எனவே தேய்ந்த புஷ்ஷுக்கு மாற்றாக எதைத் தேர்ந்தெடுப்பது என்பது இவ்விரு தேவைகளுக்கும் இடையிலான சமரசமாகவே அமைகிறது.

புஷ் தாங்கும் விசைகள்

இரு சக்கரங்களையும் இணைக்கும் திண்ம பின்னச்சில், டிஃபரென்ஷியல் அச்சின் ஒரு பகுதியாகவே இருக்கும். சக்கரங்களைச் சுழற்றும்போது எழும் எதிர்வினையை அச்சைப் பிடித்திருக்கும் கைகள் அல்லது வில்தகடுகள் ஏற்கின்றன. தனித்தியங்கும் தொங்கல் அமைப்பில் சக்கரங்கள் மட்டுமே மேலும் கீழும் அசைகின்றன. டிஃபரென்ஷியல் துணைச்சட்டகத்தில் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். ஆகவே அந்த எதிர்வினை முழுவதும் அதன் புஷ்கள் வழியாகவே செல்ல வேண்டும். பின்சக்கர இயக்கம் கொண்ட தானுந்து முன்னோக்கி முடுக்கப்படும்போது, பெட்டியின் முன்முனை மேலெழ முயல்கிறது.

இவ்விசையின் அளவை அறிய 2003, 2004 ஆம் ஆண்டுகளின் ஃபோர்டு மஸ்டாங் கோப்ரா தானுந்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இதன் இயந்திரத்தின் பெரும முறுக்குவிசை சுமார் 529 நியூட்டன் மீட்டர். முதற் பல்லிணை விகிதம் 2.66, பின்னச்சு விகிதம் 3.55. இழப்புகளைக் கணக்கிற்கொள்ளாவிடில், உந்துதண்டில் சுமார் 1,407 நியூட்டன் மீட்டரும், இரு அரைத்தண்டுகளிலும் சேர்த்து சுமார் 4,995 நியூட்டன் மீட்டரும் கிடைக்கும். முன், பின் புஷ்களுக்கு இடையே 0.4 மீட்டர் தொலைவு இருப்பதாகக் கொண்டால், ஒவ்வொரு முனையிலும் சுமார் 12,500 நியூட்டன் விசை தாக்கும். இது 1,270 கிலோகிராம் பொருளின் எடைக்குச் சமம். நடைமுறையில் சாதாரணச் சாலை டயர்கள் இந்த அளவை எட்டும் முன்னரே வழுக்கத் தொடங்கும். சிக்கல் தொடங்குவதும் அவ்விடத்தில்தான்.

சக்கரத் துள்ளல்

டயர் வழுக்கும்போது அரைத்தண்டுகள், புஷ்கள், டயரின் பக்கச்சுவர் ஆகியவற்றில் முறுக்கிச் சேமிக்கப்பட்ட ஆற்றல் வெளிப்படுகிறது. டயர் மீண்டும் சாலையைப் பற்றும்போது அவை மறுபடி முறுக்கப்படுகின்றன. இது நொடிக்குப் பலமுறை நிகழ்ந்து, சக்கரம் தரையிலிருந்து துள்ளத் தொடங்குவதே சக்கரத் துள்ளல் எனப்படுகிறது. இத்துள்ளலின் அதிர்ச்சியால் அரைத்தண்டுகள் முறியக்கூடும். டிஃபரென்ஷியல் பெட்டியின் வார்ப்புக் காதுகள் விரிசல் விடக்கூடும்.

மஸ்டாங் கோப்ராவில் 1999 ஆம் ஆண்டு முதல் பயன்படுத்தப்பட்ட தனித்தியங்கும் பின்தொங்கல், திண்ம அச்சுக்கென வடிவமைக்கப்பட்ட உடற்பகுதியிலேயே பொருத்தப்பட்டது. வேகப் பந்தயப் புறப்பாட்டில் சக்கரத் துள்ளலுக்கு இது பெயர்பெற்றது. கடினமான டிஃபரென்ஷியல் புஷ்கள் இதற்கான பரவலான திருத்தங்களுள் ஒன்றாயின. எனினும் புஷ் மட்டுமே தீர்வன்று. 2009 ஆம் ஆண்டின் காடிலாக் சிடிஎஸ்-வி தானுந்தில், துள்ளலைக் குறைக்கும் பொருட்டு இட, வல அரைத்தண்டுகள் வெவ்வேறு விட்டத்தில் அமைக்கப்பட்டன.

மூலப்பொருட்கள்

* ரப்பர்: பொதுவாக ஷோர் ஏ அளவில் 50 முதல் 70 வரை கடினத்தன்மை கொண்டது. அதிர்வைச் சிறப்பாகத் தடுக்கும். எண்ணெய்க் கசிவு, வெப்பம், ஓசோன் ஆகியவற்றால் நாளடைவில் வெடித்துப் பிரியும்.
* பாலியூரித்தேன்: பெரும்பாலும் ஷோர் ஏ 70 முதல் 95 வரை. எண்ணெயைத் தாங்கும். தொங்கல் கைகளில் இது உராய்ந்து ஒலி எழுப்புவதுண்டு. டிஃபரென்ஷியலில் சுழற்சி மிகக் குறைவு என்பதால் அக்குறை இங்கு பெரிதன்று.
* அசெட்டால்: டெல்ரின் என்னும் வணிகப் பெயரால் அறியப்படும் கடின நெகிழி. இதன் மீள்தன்மைக் கெழு சுமார் 3 கிகாபாஸ்கல். நைலானைவிட மிகக் குறைவாகவே ஈரத்தை உறிஞ்சுவதால் அளவு மாறாது.
* அலுமினியம்: மீள்தன்மைக் கெழு சுமார் 70 கிகாபாஸ்கல். அசைவே இராது, அதிர்வுத் தடுப்பும் இராது.

கடினத்தன்மை எண் ஒன்றைக் கொண்டே புஷ்ஷின் விறைப்பைக் கணிக்க இயலாது. ஒரே ரப்பரால் செய்யப்பட்டிருந்தாலும், இடையே வெற்றிடங்கள் உள்ள புஷ் திண்மமான புஷ்ஷைவிட மிகவும் மென்மையாக இருக்கும். இவ்வெற்றிடங்களில் செருகப்படும் பாலியூரித்தேன் துண்டுகளும் சில தானுந்துகளுக்குக் கிடைக்கின்றன. இவற்றை எளிதில் நீக்கிப் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

ஒலியும் அதிர்வும்

11 பற்களும் 39 பற்களும் கொண்ட பல்லிணையின் விகிதம் சுமார் 3.55 ஆகும். உந்துதண்டு நிமிடத்திற்கு 3,000 முறை சுழன்றால், நொடிக்கு 50 × 11 = 550 முறை பற்கள் பொருந்துகின்றன. இந்த 550 எர்ட்சு அதிர்வே மெல்லிய ஊளையாகக் கேட்கிறது. தாங்கிகளின் மீதமர்ந்த பெட்டியின் இயல்பு அதிர்வெண்ணைப் போல் 1.41 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகளையே புஷ்களால் தடுக்க முடியும். விறைப்பு நான்கு மடங்கானால் இயல்பு அதிர்வெண் இரு மடங்காகும்; தடுக்கப்படும் எல்லை சுருங்கும். விறைப்பான புஷ் புதிய ஒலி எதையும் உண்டாக்குவதில்லை. முன்பே இருந்த ஒலியை உள்ளே விடுகிறது.

தேர்ந்தெடுத்தல்

முதலில் புஷ்தான் பழுதா என்பதை உறுதிசெய்தல் வேண்டும். முடுக்கியை அழுத்தி விடும்போது எழும் "டங்" என்ற ஒலி, உந்துதண்டு மூட்டுகளின் தேய்மானத்தாலோ பற்சக்கரங்களின் மிகை இடைவெளியாலோ கூட வரலாம். அந்நிலையில் கடினமான புஷ் அவ்வொலியை மேலும் பெருக்கும்.

நாள்தோறும் சாலையில் ஓடும் தானுந்துக்குப் புதிய ரப்பர் புஷ்ஷே பெரும்பாலும் போதுமானது. பல ஆண்டுகள் உழைத்த புஷ்ஷோடு ஒப்பிடுகையில் புதிய ரப்பரே தெளிவான முன்னேற்றத்தைத் தரும். சாலையிலும் ஓடுதளத்திலும் பயன்படுத்தப்படுவதற்குப் பாலியூரித்தேனும், பந்தயத்திற்கு மட்டுமேயானதற்கு அசெட்டால் அல்லது அலுமினியமும் பொருந்தும்.

துணைச்சட்டகத்திற்கும் உடற்பகுதிக்கும் இடையே தனி ரப்பர் புஷ்கள் இருப்பின், டிஃபரென்ஷியல் புஷ்ஷைக் கடினமாக்கிய பின்னும் ஓரளவு அதிர்வுத் தடுப்பு எஞ்சியிருக்கும். இரண்டையும் ஒருசேர உலோகமாக்கினால் அத்தடுப்பு முற்றிலும் நீங்குவதோடு, அதிர்ச்சி விசைகள் நேரடியாக உடற்தகட்டைத் தாக்கும்.

ஒரே பெட்டியில் கடின, மென் புஷ்களைக் கலந்து பொருத்துதல் தவிர்க்கத்தக்கது. மென்மையானது இணங்கிக்கொடுக்க, கடினமானது சுமையின் பெரும்பகுதியை ஏற்கும். அதனைத் தாங்கும் அலுமினிய வார்ப்புக் காது உடைந்தால், புஷ்ஷின் விலையைப் போல் பன்மடங்கு செலவாகும்.

பொருத்துதல்

பழைய புஷ் இறுக்கப் பொருத்தாக இருப்பதால் அழுத்துகருவி கொண்டே நீக்கப்படுகிறது. தீச்சுடரால் ரப்பரை எரித்து நீக்குவதால் நச்சுப்புகை எழும். தானுந்தை ஜாக்கியின் மீது மட்டும் நிறுத்தாமல் உறுதியான தாங்கிகளின் மீது நிறுத்திய பின்னரே அடியில் பணிபுரிதல் வேண்டும். பெட்டியை மீண்டும் ஏற்றிய பின், உந்துதண்டின் கோணம் முன்பிருந்தவாறே உள்ளதா எனச் சரிபார்த்தல் அவசியம். கோணம் மாறியிருப்பின் புதிய அதிர்வு தோன்றும்.

இவற்றையும் பார்க்க

* தொங்கல் அமைப்பு
* முறுக்குவிசை
* பற்சக்கரம்
* பாலியூரித்தேன்