“வந்துகினு கீது” – ஓர் இலக்கண ஆராய்ச்சி

ஒரு நாள் மாலை தாம்பரம் ரயில் நிலையத்தில், பூக்கூடையுடன் நின்ற ஓர் அம்மா எங்களைப் பார்த்து, “வண்டி வந்துகினு கீது, தள்ளி நில்லு பாப்பா” என்றார். நானும் என் தோழியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவர் முகம் வாடியதைக் கண்ட பின்னும் சிரித்தோம். அந்த வாரந்தான் எங்கள் வகுப்பில் பகுபத உறுப்பிலக்கணம் ஆரம்பமாயிற்று.

பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம் என நன்னூல் ஆறு உறுப்புகளைக் கூறுகிறது. ‘வந்தாள்’ என்பதில் ‘வா’ பகுதி. அது ‘வ’ எனக் குறுகியது விகாரம். முதல் ‘த்’ சந்தி. அது ‘ந்’ ஆனதும் விகாரமே. அடுத்த ‘த்’ இறந்தகால இடைநிலை. ‘ஆள்’ பெண்பால் விகுதி. ரயில் பெட்டிகளைக் கோத்தது போல ஒன்றன்பின் ஒன்று!

துருக்கி மொழியும் இப்படிக் கோக்கும் மொழிதான். ‘கெல்’ என்றால் வா. ‘கெல்-தி-ம்’ என்றால் வந்தேன். ‘தி’ காலம், ‘ம்’ நான். ‘கெல்-மெ-தி-ம்’ என்றால் நான் வரவில்லை. ஆனால் ‘கெல்தி’ என்று மட்டும் சொன்னால் வந்தான், வந்தாள், வந்தது எல்லாம் ஒன்றே. அங்கே ஆண்பால், பெண்பால் விகுதி கிடையாது. (தேர்வு எழுதுகிறவர்களுக்கு எவ்வளவு சௌகரியம்!) இத்தகைய ஒற்றுமைகளைக் கண்டே கால்டுவெல் 1856-இல் தம் ஒப்பிலக்கண நூலில் திராவிட மொழிகளையும் துருக்கி முதலியவற்றையும் உறவாக்கினார். மொழியியலார் இன்று அவ்வுறவை ஏற்பதில்லை.

என்னைச் சிந்திக்க வைத்தது வேறொன்று. ‘கெல்-இயோர்-உம்’ என்றால் வந்துகொண்டிருக்கிறேன். அந்த ‘இயோர்’ முற்காலத்தில் ‘நட’ என்னும் பொருளுடைய தனி வினையாம்! தேய்ந்து தேய்ந்து ஒட்டாகிவிட்டது. நன்னூல் கூறும் நிகழ்கால இடைநிலைகளுள் ‘ஆநின்று’ என ஒன்று உண்டு. அதற்குள்ளும் ‘நில்’ என்ற வினை ஒளிந்திருக்கிறது.

அப்படியானால் ‘வந்துகினு’? ‘வந்துகொண்டு’ என்பதன் தேய்வுதானே! எங்கள் வீட்டில் ‘வந்துகிட்டு’ என்கிறோம். அதுவும் அதே ‘கொண்டு’தான். அவர் தேய்த்தது ஒரு விதம், நாங்கள் தேய்த்தது மற்றொரு விதம். இதில் நான் சிரிக்க என்ன இருந்தது?

‘கீது’ என்பது ‘இருக்கிறது’. அதைப் பிரித்துப் பார்த்தேன். ‘இரு’ என்ற பகுதியையே காணோம்! இடைநிலையில் கொஞ்சமும் விகுதியும்தான் மிஞ்சியிருக்கின்றன. தமிழம்மாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “சரியாகத்தான் பிரித்திருக்கிறாய். பரீட்சையில் மட்டும் எழுதி வைக்காதே” என்றார்கள்.